எஞ்சினின் மூச்சு

ஓர் இளைஞனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவன் அமெரிக்க நாட்டில் ஒரு கல்லூரியிலே படிப்பவன். 1999ஆம் ஆண்டில் அங்கு விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக் எஸ்.ஐ. கார் ஒன்று அவனிடம் இருக்கிறது. காருக்கு வயது ஏறிவிட்டது. எஞ்சின் களைத்துவிட்டது, பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கிறது. இரண்டு கோடை விடுமுறைகளில் வேலை செய்து அவன் சிறிது பணம் சேர்த்திருக்கிறான். அந்தப் பணம் ஒரு முறைக்குத்தான் போதும். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதே அதன் திறனையும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் மூவரிடம் யோசனை கேட்கிறான். முதலாமவர், "உன் எஞ்சினையே வைத்துக்கொள், அது இன்னும் வேகமாகச் சுழலும்படி செய்" என்கிறார். இரண்டாமவர், "எஞ்சினின் மேற்பகுதியை வைத்துக்கொள், அடிப்பகுதியை மாற்றிக் கொள்ளளவைப் பெருக்கு" என்கிறார். மூன்றாமவர், "அதைத் தூக்கி எறி, பிற்காலத்தில் வந்த பெரிய எஞ்சினைப் பொருத்து" என்கிறார். மூவரும் ஆளுக்கொரு குதிரைத்திறன் கணக்கையும் சொல்லுகிறார்கள். மூவருள் எவரும் பொய் கூறவில்லை. ஆயினும், மூன்று யோசனைகளையும் ஒரே தராசிலிட்டு நிறுத்துப் பார்க்க அவனால் இயலவில்லை. கையில் உள்ள பணமோ ஒரு முறைக்கே உரியது. அவனுக்கு வேண்டிய தராசை ஆக்கித் தருவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை உணர்ந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் என்றே நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு பீய்ச்சுவது எளிது. காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் அரிது. எஞ்சின் காற்றை இழுக்கிறது என்று பேச்சு வழக்கில் கூறுகிறோம். உண்மையில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உருளைக்குள் இடம் உண்டாகிறது. அந்த இடத்தை நோக்கி வளிமண்டலத்தின் அழுத்தம் காற்றைத் தள்ளுகிறது. சில எஞ்சின்களில் விசிறி போன்றதொரு கருவி காற்றை நெருக்கி உள்ளே திணிக்கும். அத்தகைய துணை ஏதுமின்றி, வளிமண்டலத்தை மட்டுமே நம்பி மூச்சு வாங்கும் எஞ்சினைத் தன்மூச்சு எஞ்சின் என்று அழைப்போம். நம் இளைஞனின் எஞ்சின் அவ்வகையைச் சேர்ந்தது.

தன்மூச்சு எஞ்சினின் திறன் எதைப் பொறுத்தது? ஒரு நிமிடத்தில் அது எவ்வளவு காற்றை வாங்கி எரிக்கிறது என்பதையே பெரும்பாலும் பொறுத்தது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை மூச்சு வாங்கும். ஆகவே, கொள்ளளவைச் சுழற்சி எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால், அந்த எஞ்சின் நிமிடத்திற்கு வாங்கக்கூடிய காற்றின் அளவு தோராயமாகக் கிடைக்கும். இளைஞனின் காரில் உள்ள பி16ஏ எஞ்சினின் கொள்ளளவு 1595 கன சென்டிமீட்டர். அது நிமிடத்திற்கு 7600 முறை சுழலும்போது ஏறக்குறைய 6060 லிட்டர் காற்று அதன் வழியே செல்லலாம். அந்த வேகத்தில் அது 160 குதிரைத்திறன் தருகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். காற்றைக் கூட்ட இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக்கலாம். அல்லது மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டலாம். கிணற்றிலிருந்து நீர் இறைப்பவன் பெரிய சாலைக் கட்டலாம். அல்லது சிறிய சாலையே விரைவாக இறைக்கலாம். இளைஞனுக்குக் கூறப்பட்ட யோசனைகள் எல்லாம் இவ்விரண்டின் வேறுபாடுகளே.

இவ்விடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிதல் வேண்டும். முறுக்குவிசை என்பது எஞ்சினின் தண்டு எவ்வளவு வலுவாகத் திருப்புகிறது என்பதைக் குறிக்கும். அதனை நியூட்டன் மீட்டர் என்னும் அலகால் அளப்பர். திறன் என்பது அந்த வலுவையும் சுழலும் வேகத்தையும் பெருக்கிக் காண்பது. ஒவ்வொரு மூச்சும் பெரிதானால் முறுக்குவிசை கூடும். மூச்சின் எண்ணிக்கை கூடினால், முறுக்குவிசை மாறாவிட்டாலும் திறன் கூடும்.

ஹோண்டா நிறுவனம் தொடக்க காலத்திலிருந்தே இரண்டாவது வழியில் நாட்டம் கொண்டது. சோய்ச்சிரோ ஹோண்டா 1948இல் நிறுவிய அந்நிறுவனம் முதலில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயர் பெற்றது. 1963இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்500 என்னும் சிறு காரின் எஞ்சின் 531 கன சென்டிமீட்டர் அளவினதே. ஆனால் தன் உச்சத் திறனை நிமிடத்திற்கு 8000 சுழற்சியில் அது தந்தது. 1989இல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் வந்த பி16ஏ எஞ்சின் இந்த மரபின் சிறந்த கனி. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 100 குதிரைத்திறன் என்ற அளவை அது தன்மூச்சினாலேயே எட்டியது. அதற்குத் துணை நின்றது விடெக் என்னும் அமைப்பு.

விடெக் செய்யும் வேலையை அறிந்தால் எஞ்சினின் மூச்சைப் பற்றிய முக்கியமான நுட்பம் புலப்படும். காற்று உள்ளே வரவும் புகை வெளியே செல்லவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். காம் தண்டு என்னும் சுழலும் தண்டில் முட்டை வடிவான புடைப்புகள் உள்ளன. அவையே வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மூச்சு வாங்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே வால்வு அகலத் திறந்து, நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பின்னும் சற்றுத் திறந்திருந்தால், விரைந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே மேலும் உள்ளே புகும். ஆனால் எஞ்சின் மெல்லச் சுழலும்போது காற்றுக்கு அந்த வேகம் இராது. தாமதமாக மூடும் வால்வின் வழியே, உள்ளே வந்த காற்றும் வெளியே தள்ளப்பட்டுவிடும். ஒன்றுக்கு நன்மையாவது மற்றொன்றுக்குத் தீமையாகிறது. விடெக் அமைப்பில் மெதுவான ஓட்டத்திற்குச் சிறிய புடைப்புகளும், விரைவான ஓட்டத்திற்குப் பெரிய புடைப்பு ஒன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சுழற்சி 5000ஐத் தாண்டிய பின், எண்ணெயின் அழுத்தம் ஒரு சிறு முளையைத் தள்ளி, வால்வுகளைப் பெரிய புடைப்பின் ஆட்சிக்கு உட்படுத்துகிறது. ஓர் எஞ்சினுக்கு இரண்டு குணங்கள் அமைகின்றன.

இனி, முதல் யோசனையை ஆராய்வோம். இன்னும் பெரிய புடைப்புகள் உள்ள காம் தண்டு, வலுவான வால்வு சுருள்கள், அகலமான காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பொருத்தி, 8000 சுழற்சியில் நின்ற எஞ்சினை 9000 வரை ஓட்டலாம் என்பது அந்த யோசனை. சுழற்சி 100க்கு 12.5 பங்கு கூடுகிறது. மூச்சு குன்றாதிருந்தால் திறனும் அவ்வளவு கூடலாம். ஆனால் இதற்கு எஞ்சின் கொடுக்கும் விலை என்ன?

பிஸ்டன் ஒவ்வொரு சுழற்சியிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்புகிறது. 9000 சுழற்சியில் அது ஒரு வினாடிக்கு 300 முறை நின்று திரும்புகிறது! நிறுத்தித் திருப்பும் பாரத்தை அதனைப் பிடித்திருக்கும் இணைதண்டு தாங்க வேண்டும். பி16ஏ எஞ்சினில் 300 கிராம் எடையுள்ள பிஸ்டன் இருப்பதாகக் கொள்வோம். 8000 சுழற்சியில் அது மேல் முனையில் திரும்பும்போது ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடை தொங்குவது போன்ற இழுப்பு உண்டாகிறது. இந்த இழுப்பு சுழற்சியின் இருமடிக்கு ஏற்பக் கூடும் இயல்புடையது. எனவே 9000 சுழற்சியில் அது 100க்கு 26 பங்கிற்கும் மேல் கூடிவிடுகிறது. திறனில் எட்டில் ஒரு பங்கு வேண்டி, பாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுக்கொள்கிறோம். பழைய இணைதண்டின் போல்ட்டுகள் அதைத் தாங்காவிடில், உடைந்த தண்டு எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது புதுப்பிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது யோசனை கொள்ளளவைப் பெருக்குவது. ஹோண்டாவின் பி18சி எஞ்சினின் உருளை விட்டம் பி16ஏ எஞ்சினுக்கு உள்ளதைப் போலவே 81 மில்லிமீட்டர். ஆனால் பிஸ்டன் நகரும் வீச்சு 77.4 மில்லிமீட்டரிலிருந்து 87.2 ஆக நீண்டுள்ளது. கொள்ளளவு 1797 கன சென்டிமீட்டராகிறது. அதாவது 100க்கு ஏறக்குறைய 13 பங்கு கூடுகிறது. 8000 சுழற்சியிலேயே ஓட்டினால் பிஸ்டனின் இழுப்பு சுமார் 15 பங்கு கூடும். முதல் வழியின் 26 பங்கோடு ஒப்பிட்டால் இது சிக்கனமான பேரமன்றோ!

பேரம் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு மறைபொருள் உண்டு. மூச்சுக்குழாய் பழையதாக இருந்து, நுரையீரல் மட்டும் பெரிதானால் என்னாகும்? இக்கேள்விக்கு விடையை ஹோண்டா நிறுவனமே செய்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் விற்ற கார்களின் கணக்கைப் பாருங்கள். சிவிக் எஸ்.ஐ. காரின் 1595 கன சென்டிமீட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. இன்டெக்ரா ஜி.எஸ்-ஆர் காரின் 1797 கன சென்டிமீட்டர் எஞ்சின் 170 குதிரைத்திறனும் 173 நியூட்டன் மீட்டரும் தந்தது. இரண்டின் உச்சத் திறனும் 7600 சுழற்சியிலேயே கிடைத்தது. கொள்ளளவு 13 பங்கு கூடியபோது முறுக்குவிசை 15 பங்கு கூடிற்று; உச்சத் திறனோ 6 பங்குதான் கூடிற்று. மேல் வேகத்தில் மூச்சு முட்டுகிறது என்பதே இதன் பொருள்.

இதற்கு மறுதலையான சோதனையும் உண்டு. அதே 1797 கன சென்டிமீட்டர் எஞ்சினை ஹோண்டா பொறியாளர்கள் டைப் ஆர் என்னும் காருக்காகத் திருத்தினார்கள். காம் தண்டுகளை மாற்றினார்கள்; காற்றுக் குழாயை மாற்றினார்கள்; காற்று செல்லும் துளைகளைக் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினார்கள்; அமுக்க விகிதத்தைக் கூட்டினார்கள். 1997இல் அமெரிக்காவுக்கு வந்த அந்த எஞ்சின் 195 குதிரைத்திறன் தந்தது. முறுக்குவிசை மட்டும் 173இலிருந்து 176 நியூட்டன் மீட்டராகத்தான் உயர்ந்தது. ஆனால் அந்த உச்ச முறுக்குவிசை 6200 சுழற்சியில் கிடைத்ததற்கு மாறாக 7500 சுழற்சியில் கிடைத்தது. மூச்சின் அளவு கூடவில்லை. விரைந்து ஓடும்போதும் மூச்சு முட்டாமல் இருந்தது. 25 குதிரைத்திறன் அதனால் விளைந்த பயன்.

இரு சோதனைகளும் சேர்ந்து ஒரு விதியைக் கற்பிக்கின்றன. எஞ்சினின் அடிப்பகுதி முறுக்குவிசை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மேற்பகுதி, அந்த முறுக்குவிசை எவ்வளவு வேகம் வரை நிலைத்திருக்கும் என்பதை முடிவு செய்கிறது.

இவ்விதியின் அழகைக் காண, எஸ்2000 என்னும் காரை நோக்குவோம். 1999இல் தோன்றிய அந்தக் காரின் 1997 கன சென்டிமீட்டர் எஞ்சின் 9000 சுழற்சி வரை செல்லக்கூடியது. அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு நிகரான வேகம் அது! 2004இல் ஹோண்டா வட அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் பிஸ்டனின் வீச்சை 84 மில்லிமீட்டரிலிருந்து 90.7 ஆக நீட்டியது. கொள்ளளவு 2157 கன சென்டிமீட்டராயிற்று. சுழற்சியின் எல்லை 8000க்குக் குறைந்தது. பழைய எஞ்சின் 8300 சுழற்சியில் 240 குதிரைத்திறன் தந்தது. புதிய எஞ்சின் 7800 சுழற்சியில் அதே 240 குதிரைத்திறன் தந்தது. நாம் முன்பு கூறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழையது நிமிடத்திற்கு ஏறக்குறைய 8290 லிட்டர். புதியது 8410 லிட்டர். காற்று ஏறக்குறைய ஒன்றே. ஆகவே திறனும் ஒன்றே. ஆனால் முறுக்குவிசை 207இலிருந்து 220 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. அது கிடைக்கும் இடமும் 7500இலிருந்து 6500 சுழற்சிக்கு இறங்கிற்று. குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. ஓட்டிப் பார்ப்பவனுக்கு அவை இரண்டு வேறு கார்கள்.

கொள்ளளவைப் பெருக்குவதில் இன்னொரு வழியும் பலருக்குப் பழக்கமானது. சி.ஆர்-வி என்னும் காருக்காக ஹோண்டா செய்த பி20 எஞ்சினின் அடிப்பகுதியை எடுத்து, அதன்மேல் விடெக் மேற்பகுதியைப் பொருத்துவது அது. கொள்ளளவு 1972 கன சென்டிமீட்டர், செலவும் குறைவு. ஆனால் அந்த அடிப்பகுதி எதற்காகப் பிறந்தது என்பதை எண்ண வேண்டும். சி.ஆர்-வி காரில் அது 1997இல் 5400 சுழற்சியிலும், 1999இல் 6200 சுழற்சியிலும் தன் உச்சத் திறனைத் தந்தது. 8000 சுழற்சி அதன் வாழ்க்கையில் எதிர்பாராதது. மேலும் இக்குடும்பத்து எஞ்சின்களில் அடுத்தடுத்த உருளைகளின் மையங்களுக்கு இடையே 90 மில்லிமீட்டர் தூரமே உண்டு. விட்டம் 81 ஆக இருந்தால் இரு துளைகளுக்கு நடுவே 9 மில்லிமீட்டர் எஞ்சும்; 84 ஆக இருந்தால் 6தான் எஞ்சும். சுவர் மெலிந்தால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விரிசல் காணும் அபாயம் மிகும். விடெக் அமைப்புக்கு வேண்டிய எண்ணெய் வழியும் அந்த அடிப்பகுதியில் இல்லை; தனிக் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். மலிவாகத் தொடங்கும் வேலை, ஒழுங்காக முடிக்கும்போது அவ்வளவு மலிவாக இராது.

அமுக்க விகிதத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். உள்ளே வந்த காற்றை எவ்வளவு நெருக்கிய பின் எரிக்கிறோம் என்பதே அமுக்க விகிதம். அதிகம் நெருக்கினால் அதே எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கும். ஆயினும் இந்த ஆதாயம் பலர் நினைப்பதைவிடச் சிறிது. இலட்சிய எஞ்சினுக்குரிய சூத்திரத்தின்படி, விகிதத்தை 10இலிருந்து 12க்கு உயர்த்தினால் கிடைக்கும் ஆதாயம் 100க்கு 5 பங்கிற்கும் குறைவே. இதற்கு எதிராக நிற்பது தட்டல் என்னும் நோய். மிகையாக நெருக்கப்பட்ட கலவை, சுடர் வந்து சேருமுன்பே தானாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைவாயின் இந்நோய் விரைவில் வரும். ஜப்பானில் விற்ற முதல் இன்டெக்ரா டைப் ஆர் காரின் அமுக்க விகிதம் 11.1, அமெரிக்காவில் விற்றதன் விகிதம் 10.6. ஆகவே தன் ஊரில் எந்தப் பெட்ரோல் கிடைக்கிறது என்று அறியாமல் பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பவன், மண்ணை அறியாமல் விதையைத் தேர்ந்தெடுப்பவனை ஒப்பான்.

அமுக்க விகிதமும் காம் தண்டும் ஒன்றோடொன்று உறவுடையவை. வால்வைத் தாமதமாக மூடும் காம் தண்டு இருந்தால், உண்மையான அமுக்கம் பின்னரே தொடங்குகிறது. ஆகவே அதற்குக் கூடிய விகிதம் பொருந்தும். சாதாரண காம் தண்டோடு மிகக் கூடிய விகிதத்தைச் சேர்த்தால் தட்டல் வரும். பெரிய காம் தண்டோடு குறைந்த விகிதத்தைச் சேர்த்தால் எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் சோம்பிக் கிடக்கும். சிறந்த பாகங்கள் பலவற்றை வாங்கிச் சேர்த்தும் எஞ்சின் சிறக்காமல் போவது இதனாலேதான். தனித்தனியே சிறந்த பாடகர்கள் ஆளுக்கொரு சுருதியில் பாடினால் கச்சேரி என்னவாகும்?

மூன்றாவது யோசனை எஞ்சினையே மாற்றுவது. 2001இல் ஹோண்டா கொண்டுவந்த கே வகை எஞ்சின்கள் இளைஞனின் எஞ்சினுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. விடெக் அமைப்போடு, காம் தண்டின் நேரத்தை ஓட்டத்திற்கேற்ப முன்பின்னாக நகர்த்தும் அமைப்பும் அவற்றில் உண்டு. இங்கும் நம் விதி செல்லும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஆக்யூரா ஆர்.எஸ்.எக்ஸ். டைப் எஸ் காரில் 1998 கன சென்டிமீட்டர் எஞ்சின் 7400 சுழற்சியில் 200 குதிரைத்திறன் தந்தது. 2004ஆம் ஆண்டு மாதிரியான டி.எஸ்.எக்ஸ். காரில் 2354 கன சென்டிமீட்டர் எஞ்சின் 6800 சுழற்சியில் அதே 200 குதிரைத்திறன் தந்தது. முன்னதன் முறுக்குவிசை 193; பின்னதன் முறுக்குவிசை 225 நியூட்டன் மீட்டர். ஒரு பாகத்தையும் திருத்தாமலே 200 குதிரைத்திறன் கிடைக்கிறது என்பது இந்த யோசனையின் பெரிய வலிமை. பி வகை எஞ்சின்களின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால், நல்ல பழைய பாகங்கள் அருகிவருவதும் இந்த யோசனைக்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் எஞ்சினின் விலை மட்டும் செலவாகாது. கே வகை எஞ்சின் பி வகை எஞ்சினுக்கு எதிர்த் திசையில் சுழல்வது. பழைய பல்சக்கரப் பெட்டி அதற்குப் பொருந்தாது. எஞ்சினைத் தாங்கும் தாங்கிகள், சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத் தண்டுகள், மின்கம்பிகள், கணிப்பொறி, புகைக் குழாய் யாவும் மாற வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் புகை பற்றிய சட்டத்திற்கு உட்பட்டதாகவும் அம்மாற்றம் இருத்தல் வேண்டும். இச்செலவுகள் யாவற்றையும் முதலிலேயே கூட்டிப் பாராதவனுடைய கார், பாதி வேலையில் கொட்டகையில் நின்றுவிடும்.

இப்போது தராசு ஆயத்தமாகிவிட்டது. அதில் முதலில் வைக்க வேண்டியது இளைஞனின் தேவை. அவனுடைய எஞ்சின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்தச் சுழற்சியில் கழிக்கிறது? பந்தயத் தடத்தில் ஓடும் கார் பெரும்பாலும் 6000க்கு மேலேயே இருக்கும். நெருக்கமான பல்சக்கர விகிதங்கள் அதனை அங்கேயே நிறுத்திவைக்கும். அத்தகைய காருக்கு மேல் வேகத்து மூச்சு பொருத்தமானது. அடிக்கடி பிரித்துச் சோதிக்கும் செலவையும் அதன் சொந்தக்காரன் எதிர்பார்த்தே இருப்பான். கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் கார் பெரும்பாலும் 2000 முதல் 4500 வரையில் இருக்கும். அங்கே 9000 சுழற்சியின் திறன், திறக்காத பெட்டியில் கிடக்கும் பொன்னைப் போன்றது. அவ்விடத்தில் பயன்படுவது முறுக்குவிசை.

இரண்டாவதாக வைக்க வேண்டியது எஞ்சினின் இன்றைய உடல்நிலை. ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளந்து, காற்று எங்கே கசிகிறது என்று சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் செய்த முடிவு வெறும் ஆசையேயாகும். மூன்றாவது, திரும்ப முடியாத செயல் எது என்ற கேள்வி. காம் தண்டைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். கடைந்து அகலப்படுத்திய உருளையைக் குறுக்க முடியாது. ஆகவே கடைசலுக்குக் கொடுக்குமுன் இரண்டு முறை எண்ண வேண்டும். நான்காவது, எஞ்சினைக் கூட்டியபின் பெட்ரோலின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் புதிதாக ஒழுங்குபடுத்தும் செலவு. இதற்குப் பணம் ஒதுக்காதவன் முன்பு செய்த செலவு யாவற்றையும் பணயம் வைக்கிறான்.

நம் இளைஞனின் நிலைக்கு என் விடை இதுவே. நாள்தோறும் ஓட்டும் காருக்கு, பணம் ஒரு முறைக்கே உள்ள நிலையில், 9000 சுழற்சியை நாடுதல் தகாது. அளந்து பார்த்ததில் உருளைகள் நன்றாக இருந்தால், அந்த எஞ்சினையே தொழிற்சாலை அளவுகளுக்குக் கொண்டுவந்து புதுப்பித்தல் முதல் வழி. அவை தேய்ந்து போயிருந்தால், அதே குடும்பத்தைச் சேர்ந்த, விடெக்கோடு பிறந்த 1797 கன சென்டிமீட்டர் எஞ்சினை முழுதாக வாங்கிப் பொருத்துதல் இரண்டாவது வழி. அது சிவிக் காரின் அதே தாங்கிகளில் அமரக்கூடியது. சேமிப்பு இரண்டு மடங்காகும் வரை பொறுத்திருக்க இயலுமாயின், கே வகை எஞ்சின் மூன்றாவது வழி. பி20 அடிப்பகுதியை, அதன் எல்லை அறிந்து, வேகத்தை அடக்கி ஓட்டும் பொறுமை உள்ளவரே நாட வேண்டும்.

என் விடையை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. கொள்ளளவையும் சுழற்சியையும் பெருக்கிப் பாருங்கள். பாரத்தின் இருமடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் விடை வேறாயின், அதற்குக் காரணம் கூற உங்களால் இயலும். விளம்பரத்தில் அச்சிட்ட ஓர் எண்ணைக் கண்டு மயங்குவதற்கும், அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று அறிந்து தேர்ந்தெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்த இளைஞனுக்கு அவனுடைய இரண்டு கோடைக்கால உழைப்பாகும். பள்ளியில் நீங்கள் படிக்கும் விசை, வேகம், திறன் என்னும் சொற்கள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு நாள் உங்கள் கையிலும் ஒரு முறைக்கே போதுமான பணமும், மூன்று யோசனைகளும் இருக்கும். அன்று அச்சொற்கள் உங்களுக்குத் துணை நிற்கும்.